பிள்ளைக்குக் கர்சிவ் (ஆங்கிலத்தில் கூட்டெழுத்து) சொல்லிக்கொடுத்த கதை: உங்கள் வீட்டில் எப்படி?

என் பெண் இரண்டாம் வகுப்பு. பள்ளி திறந்ததுமே நாலு கோடு நோட்டு வந்துவிட்டது. 26 எழுத்தையும் தனித்தனியே முத்து முத்தாக எழுதுவாள். 'பிரவுன்' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மட்டும் சேர்த்து எழுதாமல் எழுத்துக்கு எழுத்து பென்சிலைத் தூக்கிவிடுவாள். எழுத்துக்கு ஒரு பக்கம் என்று இரண்டு வாரம் எழுத வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் நானே அந்தச் சொல்லை மெதுவாக எழுதிப் பார்த்தேன். மற்ற எழுத்துகளின் வால் பெரும்பாலும் கீழே முடிகிறது, அங்கிருந்து ஏறிப் போகலாம். 'பி' (b), 'ஓ', 'வி', 'டபிள்யூ' நான்கும் மேலேயே முடிகின்றன. கீழே இறங்காமல் அப்படியே அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும். அப்படித் தாவும்போது 'ஆர்', 'எஸ்' இரண்டின் முகமே மாறிப்போகிறது. 'பிரவுன்' சொல்லில் இந்தத் தாவல் மூன்று இடத்தில் வருகிறது! பாவம், நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஜோடி ஜோடியாக மட்டும் எழுதினோம், தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால். மாமியார் எட்டிப் பார்த்து, "சிக்குக் கோலம் போடறப்ப நடுவுல கையை எடுப்பமா? அதே மாதிரி இழுடி" என்றார். "கோலத்துல புள்ளி முதல்ல, இதுல 'ஐ'க்குப் புள்ளி கடைசியில, பாட்டி" என்றாள் இவள்.

—

உங்கள் பெண் வலது கை என்று நினைக்கிறேன். என் மகன் இடது கை. எல்லாரையும் போல நோட்டை இடப்பக்கம் சாய்த்து வைத்து, மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்து எழுதினான். உள்ளங்கை ஓரமெல்லாம் பென்சில் கரி. நோட்டின் தலையை வலப்பக்கம் சாய்த்து, பென்சிலைக் கூர்முனையிலிருந்து சற்று மேலே பிடிக்கச் சொன்னேன். எழுதுவது அவன் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்தது. எழுத்து சாயாமல் நேராகத்தான் நிற்கிறது. சரி, நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

—

எங்கள் வீட்டில் நடந்தது போர். தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். பக்கத்தின் மேல்பாதி அழகு, கீழ்ப்பாதி கோழி கிளறியது. ஒரு நாள் 'மினிமம்' எழுதச் சொன்னேன். மேடு மேடாகப் போட்டுக்கொண்டே போனான், நிறுத்தவே இல்லை. நான் எழுதி எண்ணிப் பார்த்தேன், கீழே இறங்கும் கோடுகள் மட்டும் 15. அவன் போட்டது 17. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அன்றோடு ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கினேன். கடைசியில் ஒரே ஒரு 'மினிமம்', கோட்டை எண்ணுவது அவன் வேலை. நேற்று 15 சரியாக வந்தது. 'ஐ' புள்ளியில் ஒன்றுதான் குறைந்தது.