அப்பாவுக்கு மூச்சுத் திணறல்: காசநோய் மாத்திரை கேட்கவில்லை, பட்டறைத் தூள் காரணமாக இருக்குமா?

கோட்டையூர் மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 52 வயது. காரைக்குடியில் ஒரு பட்டறையில் 14 வருடமாக ரம்ப பிளேடுக்குச் சாணை பிடிக்கிறார். இங்கே பழைய வீடுகளைப் பிரித்தெடுக்கும் பர்மா தேக்கை அறுத்து மறுபடி விற்கிறார்கள் அல்லவா, அந்த உத்திரத்துக்குள் எங்கேயாவது ஒரு பழைய ஆணி ஒளிந்திருக்கும். பட்டால் பிளேடின் பல் உடையும். உடைந்த இடத்தில் புது டிப் ஒட்டி, வைரச் சக்கரத்தில் ஒவ்வொரு பல்லாகத் தீட்டித் தருவது அப்பாவின் வேலை.

ஒன்றரை வருடமாக வறட்டு இருமல். எங்கள் திண்ணைக்கு ஐந்து படி. மூன்றாவது படியில் நின்று, தெருவில் யாரையோ பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார். மூச்சு வாங்குவது எங்களுக்குத் தெரியக் கூடாதாம். எட்டு கிலோ எடை குறைந்துவிட்டது. சளியில் கிருமி இல்லை என்று வந்தும், எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. பொங்கலுக்குப் பட்டறை பத்து நாள் பூட்டியிருந்தபோது மட்டும் இருமல் பாதியாகக் குறைந்தது. அதுதான் மனதை உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வெல்டர்:

எனக்கும் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது தங்கச்சி. இரும்புத் துகள் படிந்திருக்கிறது, சிடரோசிஸ் என்று பெயர் என்றார் டாக்டர். 20 வருட வேலை, இன்றுவரை திணறல் இல்லை. வெறும் இரும்பு என்றால் பெரும்பாலும் பெரிய கெடுதல் செய்யாதாம். தைரியமாக இருங்கள்.

பள்ளத்தூரான்:

வெல்டர் அண்ணன் சொல்வது இரும்புக்குச் சரி. ஆனால் உங்கள் அப்பா தீட்டுவது இரும்பு இல்லை தங்கச்சி. அந்த டிப் டங்ஸ்டன் கார்பைடு. அந்தப் பொடியைக் கெட்டியாகச் சேர்த்துப் பிடிக்க கோபால்ட் என்ற உலோகத்தைக் கலப்பார்கள், வழக்கமாக 5 முதல் 20 சதவீதம் வரை. நுரையீரலைக் கெடுப்பதில் முக்கியக் குற்றவாளி அந்தக் கோபால்ட்தான். கடின உலோக நோய் என்பார்கள்.

நான் கோயம்புத்தூரில் 11 வருடம் இதே வேலை பார்த்தவன். சாயங்காலம் துண்டை உதறினால் விபூதி மாதிரி சாம்பல் தூள் பறக்கும், வெயிலில் லேசாக மினுங்கும். அந்தத் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருப்பேன். நுரையீரலின் அடிவரை போகும் தூள் கண்ணுக்கே தெரியாது, துண்டு அதை நிறுத்தாது. போதாததற்கு மெஷினைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வோம். படிந்ததையெல்லாம் நாங்களே மறுபடி கிளப்பிவிட்டிருக்கிறோம். தண்ணீர் விட்டுத் தீட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சூடு தணிக்கச் சுற்றிச் சுற்றி வரும் அந்தத் தண்ணீரில், அதாவது கூலண்டில், கோபால்ட் கரைந்து, சாரலாக மூச்சில் ஏறும்.

மூன்று டாக்டரைப் பார்த்தேன். ஒருவர் ஆஸ்துமா என்றார், இருவர் காசநோய் என்றார்கள். நாலாவது டாக்டர்தான் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். லேத் வேலை என்றேன். "என்ன உலோகம்?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் டிப் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டினேன். அதைப் படித்துவிட்டு சி.டி. ஸ்கேனும் மூச்சு ஊதும் பரிசோதனையும் எழுதினார். அதனால்தான் சொல்கிறேன், அப்பாவை வெறும் கையோடு அனுப்பாதீர்கள். டிப் டப்பா, என்ன கூலண்ட், எத்தனை வருடம், லீவில் இருமல் குறைந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஒரே தூளில் நிற்கும் எல்லாருக்கும் இது வருவதில்லை. என் பக்கத்து மெஷின்காரர் இன்றும் நன்றாக இருக்கிறார். ஆனால் வந்தவர் அந்தத் தூளை விட்டு விலகியே ஆக வேண்டும். சீக்கிரம் விலகினால் சிலருக்கு நன்றாகவே தேறும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டால் அது திரும்பாது. எனக்குப் பாதி இறுகிய பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது.

சிவகங்கைத் தோழர்:

இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உண்டு. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கடின உலோகத்தால் வரும் நுரையீரல் நோயும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் உண்டு. வேலையால் வந்த நோய் என்று டாக்டர் எழுதித் தருவதுதான் முக்கியம்.

கோட்டையூர் மகள்:

எல்லாருக்கும் நன்றி. பட்டறையில் நாலே பேர், இ.எஸ்.ஐ. கிடையாது. அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. ராத்திரி அவரே எழுந்து போய், சைக்கிள் பையிலிருந்து ஒரு டிப் டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போகிறோம். பள்ளத்தூர் அண்ணே, ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.