‘தி வயர்’ டிவிடி, ரீஜன் 2: கோவையில் ஓட்ட வழி உண்டா?

அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் வந்த ‘தி வயர்’ தொடரின் (2002–2008) ஐந்து சீசன் டிவிடி தொகுப்பை அண்ணன் லண்டனிலிருந்து வாங்கி அனுப்பினார். எங்கள் வீட்டில் ஓட மறுக்கிறது. டிவிடி எந்த நாடுகளில் ஓடலாம் என்று பூட்டி வைக்கும் எண்தான் ரீஜன். தட்டு பிரிட்டனுக்கான ரீஜன் 2, பிளேயர் இந்தியாவுக்கான ரீஜன் 5. போட்டதும் ‘ரீஜன் தவறு’ என்று காட்டி நின்றுவிடுகிறது.

ஸ்ட்ரீமிங்கில் பார்க்கலாம், சரி. ஆனால் 2014-ல் தொடரை அகலத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். பால்டிமோர் போலீசார் பார்க்ஸ்டேல் கும்பலின் பேச்சை ஒட்டுக்கேட்டுத் துரத்தும் அந்தக் கதை முதலில் ஒளிபரப்பானது 4:3 சட்டகத்தில் (பழைய டிவியின் அகலம் குறைந்த வடிவம்). அந்த நெருக்கம்தான் எனக்கு வேண்டும்.

போன மாதத்திலிருந்து முயல்கிறேன். பிளேயரின் செட்டப் மெனுவில் ரீஜன் மாற்றும் இடமே இல்லை. இணையத்தில் கிடைத்த ரிமோட் எண்களும் பலிக்கவில்லை. அப்புறம் லேப்டாப்பில் (விண்டோஸ் 10) யுஎஸ்பி டிவிடி டிரைவ் மாட்டி விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் போட்டேன். மெனு வருகிறது, எபிசோடு தொடங்கினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. டிரைவின் ரீஜனை மொத்தம் 5 முறைதான் மாற்றலாம். இது பழைய டிரைவ், ரீஜன் 5-லேயே பூட்டிக்கொண்டது.

எல்லா ரீஜன் தட்டும் ஓடும் பிளேயர் கோவையிலோ சென்னையிலோ இப்போது எந்தக் கடையில் கிடைக்கும்?