நெக்ஸான் இவி: ஒரு க்ளெய்மும் இல்லை, ஆனாலும் பிரீமியம் எகிறிவிட்டது. உதவுங்கள்

கொங்குக்காரன் (கோவை)
வணக்கம் நண்பர்களே. 2022 கடைசியில் எடுத்த நெக்ஸான் இவி மேக்ஸ் (மின்சாரக் கார்) வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு க்ளெய்ம்கூடப் போட்டதில்லை. போன வருஷம் இன்சூரன்ஸ் 20,600 ரூபாய் கட்டினேன். இந்த வருஷம் 29,066 ரூபாய் என்று கோட் வந்திருக்கிறது. ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) இறங்கி 10,80,000 ஆகிவிட்டது. வண்டியின் மதிப்பு குறையும்போது பிரீமியம் எப்படி ஏறும்? ஏஜெண்ட்டைக் கேட்டால், "இவி-ன்னா அப்படித்தான் சார். ஐடிவி-யை ஒன்பது லட்சமாக்கி, பேட்டரிக்கான இன்சூரன்ஸ் கவரை நீக்கிடலாம், குறைஞ்சிடும்" என்கிறார். இன்னொரு சந்தேகம்: தேர்ட் பார்ட்டிக்கு (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாய இன்சூரன்ஸ்) 6,712 போட்டிருக்கிறார்கள். 30 முதல் 65 கிலோவாட் வரை 2,904தான் என்று படித்தேன். என் பேட்டரி 40.5தானே? இந்த மாதக் கடைசிக்குள் கட்டியாக வேண்டும்.

மின்வழி
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். 40.5 என்பது பேட்டரி கொள்ளளவு, கிலோவாட் அவர். தேர்ட் பார்ட்டி ஸ்லாப் (கட்டணப் படிநிலை) மோட்டாரின் பவரை வைத்து, அதாவது கிலோவாட்டில். உங்கள் வண்டி 143 பிஎஸ், கிட்டத்தட்ட 105 கிலோவாட். 65-க்கு மேல் என்பதால் 6,712 சரிதான். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணம் அது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதில் ஒரு ரூபாய் குறையாது.

இனி ஏன் ஏறியது என்று பார்ப்போம். வண்டி எடுத்தபோது வந்த முதல் பாலிசியைத் தேடி எடுங்கள். அதில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும்: சொந்தச் சேதத்துக்கு (ஓடி) ஒரு வருஷம், தேர்ட் பார்ட்டிக்கு மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 20,907 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஷோரூமிலேயே கட்டியிருப்பீர்கள். அதனால் நடுவில் இரண்டு முறையும் ஓடி மட்டும்தான் புதுப்பித்தீர்கள். இப்போது தேர்ட் பார்ட்டி மறுபடி உள்ளே வருகிறது. 18% ஜிஎஸ்டியோடு 7,920 ரூபாய். ஏறிய தொகையில் பெரும்பகுதி இதுதான்.

பவானிக்கரை
இவி-க்கு 15% தள்ளுபடி என்றுதானே சொன்னார்கள்?

மின்வழி
தள்ளுபடி உண்டு. 1500 சிசிக்கு மேல் போகும் பெட்ரோல் காருக்கு 7,897. அதில் 15% கழித்தால்தான் 6,712. ஆனால் பெட்ரோல் நெக்ஸான் 1,199 சிசி, அதற்கு 3,416 மட்டும். அதன் இன்ஜின் பவரும் 65 கிலோவாட்டைத் தாண்டியதுதான், ஆனால் பெட்ரோலுக்கு சிசி கணக்கு. ஒரே கார், மின்சாரத்தில் ஓடினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இது நியாயமே இல்லை. ஸ்லாபை மாற்றியே ஆக வேண்டும். மோட்டார் பவர் 65-க்குள் இருக்கும் டியாகோ இவி-க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 2,904-க்குள் முடிந்துவிடும்.

கொங்குக்காரன், கோட் விவரத்தை வரிவரியாகப் போடுங்கள். வேறு எங்காவது குறைக்க வழியிருக்கிறதா பார்க்கலாம்.

கொங்குக்காரன்
ஓடி 13,600. என்சிபி (க்ளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) 25% கழிவு 3,400. ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர்கள் (தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப், பேட்டரி, ஆயில் நட்டு போல்ட்டு மாதிரி கன்ஸ்யூமபிள்ஸ்) 7,300. ஓனர் டிரைவர் பிஏ (வண்டி உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு) 420. தேர்ட் பார்ட்டி 6,712. மேலே ஜிஎஸ்டி.

மின்வழி
என்சிபி தப்பு. மூன்று வருஷம் க்ளெய்ம் இல்லையென்றால் 35% வர வேண்டும். போன வருஷத்து 25-ஐ அப்படியே போட்டிருக்கிறார்கள். மாற்றச் சொல்லுங்கள். வேறு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ 15 லட்சத்துக்கு பிஏ கவர் ஏற்கெனவே இருந்தால், அதைக் காட்டி அந்த 420-ஐயும் எடுத்துவிடலாம்.

பொள்ளாச்சி ரோடு
ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு ஐடிவி-யில் மட்டும் கை வைக்காதீர்கள் சார். பழுது பார்க்கும் செலவு ஐடிவி-யில் 75%-ஐத் தாண்டினால் டோட்டல் லாஸ். 10.8 லட்சம் என்றால் அந்த எல்லை 8.1 லட்சம். ஒன்பது லட்சமாக்கினால் 6.75 லட்சம். பேட்டரி பேக்கோடு சேர்த்து ஏழு லட்சம் எஸ்டிமேட் வந்தால், முதல் கணக்கில் வண்டியைச் சரிசெய்து தருவார்கள். இரண்டாவதில் ஒன்பது லட்சத்தைக் கையில் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பணத்துக்குப் புது இவி வராது.

என் வண்டியில் ரோட்டில் கிடந்த கல் அடியில் பட்டு, பேட்டரியின் அலுமினியப் பெட்டி உள்ளங்கை அளவுக்கு அமுங்கிவிட்டது. வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் சர்வீஸ் சென்டரில் பெட்டியைத் தட்டி எடுக்க முடியாது, முழுப் பேக்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். எட்டு வருஷ வாரண்டி விபத்துக்குச் செல்லாது. இன்சூரன்ஸ் சர்வேயர் பாலிசியில் முதலில் தேடியது பேட்டரி கவரைத்தான். இருந்ததால் பிழைத்தேன். அது இல்லாவிட்டால் தேய்மானம் என்று பெரிய தொகையைக் கழித்துவிட இடமிருக்கிறது.

வேளச்சேரி ராஜி
பொள்ளாச்சி அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட் பேஸ்மெண்ட் முழுக்கத் தண்ணீர். வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் (சொந்தச் சேதமும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்த) பாலிசியிலேயே உண்டு. ஆனால் நனைந்த வண்டியை ஆன் செய்தோ சார்ஜ் போட்டோ ஷார்ட் ஆனால், அது பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிட இடமிருக்கிறது. தண்ணீர் புகுந்து வரும் பேட்டரி சேதம் உங்கள் கவரில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்துவிட்டால் தொடாதீர்கள். அப்படியே ஏற்றி அனுப்புங்கள்.

கொங்குக்காரன்
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. என்சிபி 35% ஆக்கிவிட்டார்கள். பைக் பாலிசியில் பிஏ இருந்ததால் அதையும் நீக்கியாயிற்று. புது கோட் 26,965. ஐடிவி-யும் பேட்டரி கவரும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் புகுவது எழுத்திலேயே இருக்கிறது. அப்புறம் ஒன்று: வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜர் இதில் அடங்குமா?

மின்வழி
தானாக அடங்கும் என்று நம்ப வேண்டாம். பாலிசி வாசகத்தில் சார்ஜர் என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டும் முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள். தனி ஆட்-ஆன் இருந்தால் சார்ஜரின் சீரியல் நம்பரையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள்.