கண்மாய் மீனை ஏலம் விடுவதா, ஊரே இறங்கிப் பிடிப்பதா?

கேள்வி – கல்லல் விவசாயி:
மழையை மட்டுமே நம்பி ஒருபோகம் நெல் விளையும் சிற்றூர் எங்களுடையது. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் கோடையில், சாமி கும்பிட்டபின் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளும் வலையுமாக உள்ளே இறங்குவது வழக்கம். பிடித்த மீன் பிடித்தவருக்கே. இவ்வாண்டு மீனை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் ஐயனார் கோயில் புரவி எடுப்பை, அதாவது மண்குதிரை சுமந்து செல்லும் விழாவை, நடத்தலாம் என்று ஊர்க்கூட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – சிங்கம்புணரிக்காரர்:
ஐயா, ஏலம் விட்டால் முதல் சண்டை மடையில்தான் வரும். கதிர் பால் பிடிக்கும் மார்கழியில் வயல் தண்ணீர் கேட்கும். ஏலம் எடுத்து, காசு போட்டு மீன்குஞ்சு விட்டவரோ தண்ணீர் நிற்க வேண்டும் என்பார். எங்கள் பக்கம் ஓர் ஊரில் இந்த இழுபறியில் கடைமடை வயல்கள் பதராகிப் போயின. கோடையில் அதே குத்தகைதாரர் மோட்டார் வைத்து இறைத்துவிட, ஆடுமாடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. அது மட்டுமன்று, ஒரு செண்டு நிலம் இல்லாத வீட்டிலும் விரால் குழம்பு கொதிப்பது, ஊரே இறங்கி மீன் பிடிக்கும் அந்த ஒரு நாள்தான். அதை விற்க எனக்கு மனம் வராது.

பதில் – தேவகோட்டை ஆச்சி:
தம்பி சொல்வது நியாயமே. ஆனால் கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுவதும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தால், ஐப்பசி மழை எவ்வளவு பெய்தும் கண்மாய் நிறையாது, மீனும் இராது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மண் வெட்டிய குடிமராமத்து தளர்ந்தபோது, 1858-இல் ஆங்கில அரசு அதற்குச் சட்டமே போட்டது; 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியது. ஆகவே ஏலம் விடுவதானால் அந்தப் பணம் வரத்துக்காலுக்கும் உபரிநீர் வழியும் கலுங்குக்கும் போகட்டும். புரவி எடுப்புக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி இருக்கிறதே.

பதில் – திருப்பத்தூர் வாசகர்:
முதலில் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம். அவர்களைக் கேட்காமல் ஊர்க்கூட்டம் மட்டும் ஏலத்தை முடிவு செய்வது பின்னர் வழக்கில் கொண்டுபோய் விடும். அனுமதி கிடைத்தாலும், மடை திறப்பது வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்பாய்ச்சியின் பொறுப்பு, மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது, கடைசியில் மிஞ்சும் மீனை ஊருக்கு விட வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.