கடல்பனிப் பரப்பும் குளோரோஃபிலும்: இரண்டு துருவங்களிலும் ஒரே கணக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி – நீள்கரை

வணக்கம். 1998 முதல் இன்றுவரையான கடல்பனிப் பரப்பையும் செயற்கைக்கோள் குளோரோஃபிலையும் (நீரில் எவ்வளவு பாசி இருக்கிறது என்பதைக் காட்டும் பச்சை நிறமி) ஆண்டுவாரியாக ஒரே கிராஃபில் போட்டுப் பார்க்கிறேன். ஆர்க்டிக்கில் பனி குறையக் குறைய மொத்தப் பாசி உற்பத்தி ஏறுகிறது. அன்டார்க்டிக்கைச் சுற்றி 2014 வரை பனி சற்றுக் கூடி, 2016-இலிருந்து சரிந்திருக்கிறது. குளோரோஃபிலில் அதற்கு ஈடான மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. பாசியைத் தின்னும், இறால் போன்ற சிற்றுயிரான கிரில் வலையில் எவ்வளவு கிடைத்தது என்ற தரவையும் சேர்த்துப் பார்த்தேன், அது எதோடும் பொருந்தவில்லை.

தரவைக் கையாள்வதில் தவறா, இல்லை இயற்கையே அப்படித்தானா? ஆர்க்டிக்கில் பாசி உற்பத்தி கூடுவது உண்மையென்றால் அங்குள்ள மீன்வளத்துக்கு அது நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1 – வடமுனை

முதலில் தரவைச் சரிபார்த்துவிடுங்கள், உயிரியல் அப்புறம்.

பனிக்கு இரண்டு விதமான எண்கள் கிடைக்கும். 25 கி.மீ. கட்டங்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ பனி உள்ளவற்றை முழுக் கட்டமாகவே கூட்டினால் வருவது பரவல். ஒவ்வொரு கட்டத்தையும் அதன் பனிச் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவது நிகரப் பரப்பு. ஆர்க்டிக்குக்கு நிகரப் பரப்பை எடுத்திருந்தால் 2008 ஜனவரியில் ஒரு பொய்யான ஏற்றம் இருக்கும். வட துருவத்தைச் சுற்றிச் செயற்கைக்கோள் பார்க்க முடியாத வட்டம், கருவி மாறியதால் அப்போது சிறுத்துவிட்டது. அதுவரை கணக்கில் வராத பனி திடீரென்று உள்ளே வந்தது. 1987 ஜூலையிலும் இதேதான் நடந்தது. பரவலில் இந்தச் சிக்கல் இல்லை, அந்த வட்டம் முழுவதும் பனி என்றே வைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர்க் குட்டைகளை மைக்ரோவேவ் கருவி திறந்த கடலாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் கோடைச் செறிவு உள்ளதைவிடக் குறைவாகவே வரும்.

குளோரோஃபிலில் கோளாறு இன்னும் பெரிது. நீலம்–பச்சை ஒளி விகிதத்தை வைத்துப் போடும் வழக்கமான சமன்பாடு தென்பெருங்கடலில் குளோரோஃபிலைக் குறைத்துக் காட்டும். சில இடங்களில் பாதிக்கும் கீழே. ஆர்க்டிக்கில் நேர்மாறு. லேனா, ஓப், எனிசேய், மெக்கன்சி ஆறுகள் கொண்டுவரும் பழுப்பு நிறக் கரைபொருள்கள் நீல ஒளியை விழுங்குவதால், பாசியே இல்லாத நீர்கூடப் பாசி நிறைந்ததுபோல் தெரியும். எனவே இரண்டு துருவங்களையும் ஒரே சமன்பாட்டில் போட்டு எண்களை ஒப்பிடாதீர்கள். ஒரே இடத்தின் மாற்றத்தை மட்டும் பாருங்கள்.

உங்கள் ஆர்க்டிக் ஏற்றத்தில் ஒரு பகுதி வெறும் பரப்புக் கணக்கு. பனி விலகும்போது கூடுதல் கட்டங்கள் கண்ணில் படுகின்றன, மொத்தம் ஏறுகிறது. இதைப் பிரிக்க:

– ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆண்டில் எத்தனை நாள் திறந்த நீர் என்று எண்ணுங்கள்.
– உற்பத்தியைச் சதுர மீட்டருக்கு, நாளுக்கு என்று தனியாக வையுங்கள்.
– பனி விளிம்பை ஒட்டிய ஒரு கட்டத்தையாவது நீக்குங்கள். பக்கத்துப் பனியின் வெளிச்சம் அளவைக் கெடுக்கும்.
– சூரியனின் உச்சிக்கோணம் (தலைக்கு நேர்மேலிருந்து அது சாய்ந்திருக்கும் அளவு) 70 டிகிரியைத் தாண்டும் நாள்களில் தரவு நம்பத்தக்கதல்ல. அந்த இடங்களில் பூஜ்யம் போடாமல் வெற்றிடமாக விடுங்கள். சராசரியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பூஜ்யங்கள்தாம்.

இப்படிப் பிரித்த பிறகும் ஆர்க்டிக் ஏற்றம் நிற்கும். 1998–2018 காலத்தில் உற்பத்தி 57 சதவீதம் உயர்ந்தது என்ற கணக்கில், முதல் பத்தாண்டுக்குத் திறந்த நீர் பெருகியது முக்கியக் காரணம். பிறகு பாசியின் அடர்த்தியே கூடியது. அதற்குப் புதிய ஊட்டச்சத்து எங்கிருந்தோ உள்ளே வர வேண்டும். பசிபிக், அட்லாண்டிக் நீர் நுழையும் ஓரக்கடல்களில் அது நடக்கிறது. நடு ஆர்க்டிக்கில் நன்னீர் மேலடுக்கு மூடிபோல் நிற்பதால் பாசிக்கு வேண்டிய ஆழத்து ஊட்டச்சத்தான நைட்ரேட் மேலே வருவது கடினம்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாததையும் மறக்க வேண்டாம்: பனியின் அடியில் ஒட்டி வளரும் பாசி, 2011-இல் சுக்சி கடலில் கண்டறிந்ததுபோல் பனிக்கடியிலேயே நிகழும் பெரும் பெருக்கம், கோடையில் 20–40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும் குளோரோஃபில் உச்சம். இவற்றுக்கு ஆர்கோ மிதவைகளைப் (கடலில் தானாக மேலும் கீழும் போய் அளக்கும் கருவிகள்) பாருங்கள். மேல்நீர் உறைநிலையை ஒட்டி, சுமார் −1.8 டிகிரி செல்சியஸ் இருந்தால் தலைக்கு மேல் பனி இருக்கிறது என்று கருதி மிதவை திரும்ப இறங்கிவிடும். அளவுகளைச் சேமித்துவைத்து, பனி விலகிய பிறகு அனுப்பும். அந்த மாதங்களுக்கான இருப்பிடம், முன்பின் தெரிந்த இடங்களை வைத்துப் போடும் இடைக்கணிப்பு மட்டுமே. சிறிய கட்டங்களோடு பொருத்தும்போது இது முக்கியம்.

பதில் 2 – தென்னலை

அன்டார்க்டிக் பக்கத்துக்கு என் பங்கு.

தென்பெருங்கடலில் நைட்ரேட் மிஞ்சிக் கிடக்கிறது, தட்டுப்பாடு இரும்புக்குத்தான். பனி விலகி வெளிச்சம் வந்தால் மட்டும் போதாது, இரும்பு வேண்டும். அது உருகும் பனியிலிருந்தும், கண்டத்திட்டிலிருந்தும், பனிப்பாறைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே மொத்தப் பரவலோடு மொத்தக் குளோரோஃபில் பொருந்த வேண்டிய கட்டாயமே இல்லை. வெட்டல், ராஸ், பெல்லிங்ஸ்ஹவுசன் என்று கடல் கடலாகப் பிரியுங்கள். 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கி.மீ.-ஐத் தாண்டிய பரவல், 2023 செப்டம்பரில் சுமார் 1.7 கோடியில் நின்றுவிட்டது. இந்தச் சரிவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை.

கிரில் பொருந்தாததற்குப் பெரிய காரணம் கால இடைவெளி. வளர்ந்த கிரில் உடலைச் சுருக்கிக்கொண்டு 200 நாள் வரை பட்டினி தாங்கும். குஞ்சுகளால் அது முடியாது. முதல் குளிர்காலத்தில் அவற்றுக்குப் பனியின் அடிப்பாசிதான் உணவு. கிரில் ஐந்தாறு ஆண்டு வாழும் உயிர் என்பதால், ஓர் ஆண்டின் மொத்த எண்ணிக்கையில் பல ஆண்டுகளின் பனி கலந்திருக்கும். ஒரு குளிர்காலப் பனியை, அடுத்த கோடையில் கிடைக்கும் 30 மி.மீ.-க்குக் குறைந்த இளங்கிரிலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

வலைத் தரவிலும் கவனம் வேண்டும். பகலில் கிரில் வலையைப் பார்த்து விலகும், ஆழத்துக்கும் போகும். அதனால்தான் கிரில்பேஸ் என்ற கிரில் வலைத் தரவுத் தொகுப்பில் எல்லா வலைவீச்சுகளையும் இரவு, 0–200 மீட்டர், 8 சதுர மீட்டர் வாய் கொண்ட வலை, ஜனவரி 1 என்ற ஒரே நிலைக்கு மாற்றிய அடர்த்தி தனிப் பத்தியாக இருக்கிறது. அதையே எடுங்கள். கிரில் கூட்டமாகத் திரிவதால் பல வீச்சில் ஒன்றும் இருக்காது, ஒன்றில் மட்டும் குவியும். சாதாரணச் சராசரி அந்த ஒரு வீச்சையே காட்டும். பூஜ்யங்களைத் தனியாகக் கையாளும் முறை வேண்டும்.

பெங்குவினையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. எம்பெரர் பெங்குவினுக்கு வேண்டியது கரையோடு ஒட்டி நிற்கும் பனி, அதுவும் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை உடையாமல். மைக்ரோவேவ் பரவலில் அது தனியாகத் தெரியாது. ரேடார் படம் வேண்டும். 2022-இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலின் ஐந்து குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகளுக்கு நீர்புகாச் சிறகு முளைக்கும் முன்பே அந்தப் பனி உடைந்து, அந்தத் தலைமுறை முழுவதும் போனது. வருந்தத்தக்க இந்த இழப்பு மொத்தப் பரவல் கிராஃபில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது.

நீள்கரை

மிக்க நன்றி. பூஜ்யம் போட்டதுதான் என் கோட்டைக் கெடுத்திருக்கிறது என்று இப்போது புரிகிறது. மீன்வளம் பற்றிய கடைசிக் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 3 – ஆழிமீன்

பாசி கூடினால் மீன் கூடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இடையில் யார் தின்கிறார்கள், எப்போது தின்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆர்க்டிக்கின் கொழுப்பு நிறைந்த கோபெபாட் (நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய ஓட்டுயிர்) இனமான கலானஸ் கிளேசியாலிஸ், பனிப்பாசி பூக்கும்போது தின்று முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் சில வாரம் கழித்துத் திறந்த நீரில் வரும் பாசிப்பெருக்கத்தை நம்பியிருக்கின்றன. பனி சீக்கிரம் உடைந்தால் இந்த இடைவெளி சுருங்கி, குஞ்சு தயாராகும் முன்பே உணவு முடிந்துவிடும். அந்த இடத்துக்கு அட்லாண்டிக்கிலிருந்து வரும் கலானஸ் ஃபின்மார்கிகஸ் சிறியது, கொழுப்பும் மிகக் குறைவு. எண்ணிக்கை அதேதான் இருந்தாலும் போலார் காட் மீனுக்கும் லிட்டில் ஆக் பறவைக்கும் கிடைக்கும் சக்தி குறைகிறது. பாரென்ட்ஸ் கடலில் அட்லாண்டிக் காட் வடக்கே பரவியதை லாபம் என்று சொல்லலாம். அதே நீரில் பனிக்கடியில் முட்டையிடும் போலார் காட் பின்வாங்குகிறது.

பெரிங் கடல் இன்னும் கடுமையான பாடம். அங்கே குளிர்காலப் பனி உருகி விட்டுச்செல்லும் 2 டிகிரிக்குக் குறைந்த அடிநீர், பொல்லாக், பசிபிக் காட் போன்ற இரைகொல்லிகளைத் தடுக்கும் வேலி. இளம் ஸ்னோ நண்டு அதற்குள் வளரும். 2018-இல் பனி மிகக் குறைந்து அந்தக் குளிர்நீர் ஏறக்குறைய இல்லாமலே போனது. நீர் 0-இலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் நண்டின் உணவுத் தேவை கிட்டத்தட்ட இரட்டிக்கும். அந்த நேரம் நண்டுகள் வழக்கத்தைவிட மிக நெருக்கமாகவும் இருந்தன. 2018–2021 காலத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் மறைந்தன, பெரும்பாலும் பட்டினியால். 2022-இல் பிடிப்பையே மூடினார்கள்.

இதை உங்கள் கிராஃபில் சேர்ப்பதானால் கடல்மேல் வெப்பநிலையை எடுக்காதீர்கள், கோடைக்கால இழுவலைக் கணக்கெடுப்பில் அளக்கும் அடிநீர் வெப்பநிலையை எடுங்கள். 2020-இல் பெருந்தொற்றால் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2019-க்கும் 2021-க்கும் நடுவில் கோடு போட்டு அந்த ஆண்டை நிரப்பினால் சரிவு சீராக நடந்ததுபோல் தோன்றும். அதையும் வெற்றிடமாகவே விடுங்கள்.