அன்னபேதி செந்தூரம் சாப்பிட்டா வைட்டமின் மாத்திரை உடம்புல நல்லா சேருமா?

கரூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 36, போன மாசம் டெஸ்ட் பண்ணதுல ஹீமோகுளோபின் 9.1 தான், மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது, முடி கொத்து கொத்தா வருது. முதல்ல எழுதிக் குடுத்த இரும்பு மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கல, ஒரே எரிச்சல், மலச்சிக்கல் வேற, அதனால ஜிஎச்ல சித்தா பிரிவுக்குப் போனேன். அன்னபேதி செந்தூரத்தை, அதான் ரத்தம் ஊற குடுக்குற இரும்புச் சத்து சித்த மருந்துப் பொடியை, பொட்டலம் மடிச்சுக் குடுத்து தேன்ல குழைச்சு ரெண்டு வேளை சாப்பிடச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா என்ன சொல்றாங்கன்னா, இதுகூட வைட்டமின் சி, பி காம்ப்ளக்ஸ் எல்லாம் போட்டா செந்தூரம் அதையெல்லாம் இழுத்து ரத்தத்துல சேர்த்துடுமாம். நிஜமாவா? நான் காலைல காபி குடிச்ச கையோட எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக்கிறேன், 3 வாரமாச்சு, பெருசா மாற்றம் ஒண்ணும் தெரியல.

லேப் டெக்னீஷியன்:
சிஸ்டர், அக்கா சொன்னது தலைகீழ். செந்தூரம் வைட்டமினை இழுக்காது, வைட்டமின் சி தான் இரும்பை உள்ள இழுக்கும். செந்தூரம் செங்கல் கலர்ல இருக்குல்ல, அது இரும்பு துரு வகையா மாறினதால வர்ற கலர், அந்த வகை இரும்பு குடல்ல லேசுல உள்ள போகாது, சி கூட இருந்தா கரையுற வகைக்கு மாறி உறிஞ்ச வசதியா இருக்கும். பி12, போலிக் ஆசிட் ரெண்டும் ரத்த அணு உருவாக வேணும்தான், ஆனா அதை உடம்புல சேர்க்குறது செந்தூரத்தோட வேலை இல்ல. இப்ப உங்க பிரச்சனை காபிதான்னு எனக்குத் தோணுது. காபி, டீ ரெண்டுலயும் இருக்குற துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, ப்ளீஸ்.

நெல்லிக்கா அம்மா:
எனக்கு ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம் இதே கதைதான்மா. அப்ப எங்க மாமியார் உள்ளங்கைல தேனை விட்டு, செந்தூரத்தைத் தூவி, மோதிர விரலால குழைச்சு நாக்குல தடவி விடுவாங்க, அப்புறம் ஒரு பெரிய நெல்லிக்காயைக் குடுத்து மென்னு திங்கணும்னு பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. வைட்டமின் சின்னு அவங்களுக்குப் பேர் தெரியாது, ஆனா நெல்லிக்காய் இல்லாம ஒருநாளும் குடுத்ததில்ல. கொய்யா, எலுமிச்சம்பழ ஜூஸ் கூட ஓகே, சாறை மட்டும் சூடா இருக்குறதுல பிழியாதீங்க.

சித்தா ஹவுஸ்சர்ஜன்:
அந்த மாமியார் பண்ணதுதான் அனுபானம், மருந்தை எதுகூட சேர்த்து உள்ள அனுப்புறோம்ங்கறது எங்க படிப்புல பாதி. தாம்பரம் சானடோரியத்துல இருக்குற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து தூத்துக்குடி மாவட்டத்துல வளரிளம் பெண்களுக்கு இந்தச் செந்தூரத்தை 45 நாள் குடுத்துப் பார்த்தாங்க, 2,300 பேர் முழுசா முடிச்சாங்க, ஹீமோகுளோபின் ஏறுச்சுன்னு 2024ல செய்தி வந்துச்சு. அதுல செந்தூரத்தை மட்டும் தனியா குடுக்கல, பாவன கடுக்காய் (பக்குவப்படுத்தின கடுக்காய்), மாதுளை மணப்பாகு (சிரப் மாதிரி), நெல்லிக்காய் லேகியம் மூணும் சேர்த்துதான். கடுக்காய் மலத்தை இளக்கும், உங்க மலச்சிக்கலுக்கு அதைப்பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, இதைக் கண்டிப்பா கேளுங்க. உடம்புல இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு காட்டுற பெரிட்டின் டெஸ்ட் பண்ணாம மாசக்கணக்குல இரும்பு சாப்பிடக்கூடாது. சிலருக்கு பிறவிலயே தலசீமியா மைனர்ங்கற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கும், அவங்களுக்கும் ஹீமோகுளோபின் குறைச்சலாத்தான் காட்டும், இரும்பு குறைவு இல்லாம இரும்பு குடுத்தா உடம்புல தேங்கிடும். மாதவிடாய் அதிகமா போகுதான்னும் பாருங்க, ஓட்டை அங்க இருந்தா எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது. லைசென்ஸ் நம்பர் இல்லாத செந்தூரம் வாங்கவே வாங்காதீங்க, டாம்ப்கால் (தமிழ்நாடு அரசு மூலிகை மருந்துக் கழகம்), இம்ப்காப்ஸ் (வைத்தியர்கள் கூட்டுறவு மருந்து நிறுவனம்) மாதிரி இடத்துல வாங்குங்க, சரியா புடம் போடாததுல, அதாவது முறைப்படி நெருப்புல சுட்டு எடுக்காததுல, கன உலோகம் இருக்கலாம். பொட்டலத்தை குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, அளவு மீறின இரும்பு சின்னப் பிள்ளைங்களுக்கு விஷம்.

கரூர்க்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாளைல இருந்து காபியை 10 மணிக்குத் தள்ளிடுறேன். மாதவிடாய் 7 நாள் போகுது, அதை டாக்டர்கிட்ட சொல்லவே இல்ல, சொல்றேன். ராத்திரி கால்சியம் மாத்திரையும் ஒண்ணு இருக்கு, அதை எப்ப போடலாம்?

லேப் டெக்னீஷியன்:
கால்சியமும் இரும்பை மறிக்கும், ரெண்டையும் ஒரே வேளைல போடாதீங்க. செந்தூரத்தோட ரெண்டாவது வேளையை சாயங்காலமே முடிச்சுட்டு, கால்சியத்தை ராத்திரி சாப்பாட்டோட போடுங்க. பால், தயிருக்கும் இதேதான்.