ஐந்தாம் வகுப்பில் தகவல் கட்டுரை: பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்ல வைப்பது எப்படி?

மலைவாழை:

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நாலும் அஞ்சும் ஒரே அறையில், மொத்தம் 23 பிள்ளைகள். கதை எழுது என்றால் பேய், சிங்கம், மாயக்கண்ணாடி என்று வெளுத்து வாங்குகிறார்கள். "உனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுது" என்று சொல்லிப் பாருங்கள், எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு. நாம் பசுவைப் பாதுகாக்க வேண்டும்." வீட்டில் மாடு கட்டியிருக்கிற பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது, மாட்டின் பக்கத்தில் போகவே பயப்படுகிற பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது.

நோட்டை மாற்றிக்கொண்டு படியுங்கள், கருத்துச் சொல்லுங்கள் என்றேன். "சூப்பர்", "வெரி குட்", "கையெழுத்து அழகாக இல்லை". இவ்வளவுதான் வந்தது. ஒருத்தி என் மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துப் போய்ப் பத்துக்கு நாலு போட்டுவிட்டாள். நாலு வாங்கியவன் அன்றைக்குச் சத்துணவுக்கே எழுந்து வரவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் இதை எதிர்பார்க்கலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். பயிற்சியில் காட்டும் பவர்பாயின்ட் எனக்கு வேண்டாம்.

கரிசல் வாத்தியார்:

நடக்கிற காரியம்தான் டீச்சர். ஆனா "கருத்துச் சொல்லு"ன்னு சொன்னதுமே பிள்ளைங்க நம்மள மாதிரி நடிக்க ஆரம்பிச்சிருவாங்க. சிவப்புப் பேனா, பத்துக்கு நாலு, கையெழுத்து சரியில்ல, எல்லாம் நம்மகிட்ட பார்த்துப் பழகினதுதானே. அதனால திருத்துற வேலையை நான் அவங்ககிட்டக் குடுக்கிறதே இல்ல. கேள்வி கேக்கிற வேலை மட்டும்தான்.

ரெண்டு ரெண்டு பேரா உக்காருவாங்க. எழுதினவங்க வாசிக்கணும். கேக்கிற பிள்ளை கையில நோட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. நோட்டைப் பார்த்தாத்தானே எழுத்துப்பிழை கண்ணுல படும்? வாசிச்சு முடிச்சதும், கேட்ட பிள்ளை தனக்கு விளங்கினதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம் மூணு கேள்வி. நல்லா இருக்கு, நல்லா இல்ல, ரெண்டுக்குமே தடை.

போன பருவத்துல ஒரு பொண்ணு எழுதினது இது: "எங்கள் ஆடு குட்டி போட்டது. இரண்டு குட்டி. ஒன்று கருப்பு, ஒன்று செவலை. அம்மா பக்கத்தில் இருந்தார்கள். குட்டி பால் குடித்தது." அவ்வளவுதான். நான் திருத்தியிருந்தா ஒற்றுப்பிழை இருக்கான்னு பார்த்துட்டு ஒரு டிக் போட்டிருப்பேன். அவகூட ஜோடி சேர்ந்தவன் டீக்கடைக்காரர் மகன், வீட்டுல ஆடு கிடையாது. அவன் கேட்டான்: "குட்டி போடப் போகுதுன்னு முன்னாடியே எப்படித் தெரிஞ்சது?" "பக்கத்துல இருந்து அம்மா என்ன செஞ்சாங்க?" "எவ்வளவு நேரங்கழிச்சுப் பால் குடிச்சது?"

அவளுக்கு ஒரே சிரிப்பு. இதுகூடவா தெரியாதுன்னு கடகடன்னு சொல்ல ஆரம்பிச்சா. சொன்னதை அப்படியே எழுதிருன்னேன். எழுதினா:

"மடி இறங்கிப் பால் கட்டியிருந்தது. வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. ஆடு மற்ற ஆடுகளோடு சேராமல் தனியாக நின்றது. முன்னங்காலால் தரையைப் பிராண்டியது. இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஈன்றுவிடும் என்று அம்மா சொன்னார்கள். குட்டி விழுந்ததும் அம்மா அதன் மூக்கையும் வாயையும் துணியால் துடைத்தார்கள். துடைக்காவிட்டால் மூச்சு முட்டும். குட்டி எழுந்து எழுந்து விழுந்தது. அம்மா காம்பை முதலில் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டுத்தான் சீம்பால் குடிக்க விட்டார்கள்."

வாலுக்கு ரெண்டு பக்கமும் குழி விழும்ங்கிறது எனக்கே தெரியாது. நான் டவுன்ல வளர்ந்தவன்.

இதுல கவனிக்க வேண்டியது ஜோடி சேர்க்கிறதுதான். ஆடு வளர்க்கிற பிள்ளைகிட்ட ஆடு வளர்க்கிற இன்னொரு பிள்ளையை உக்கார வெச்சா ஒரு கேள்வியும் வராது, எல்லாம் தெரிஞ்சதா இருக்கும். தெரியாத பிள்ளையைத் தேடிச் சேருங்க. உயிர்த்தோழிகளையும் சேர்க்காதீங்க, பேச்சு வேற எங்கயோ போயிரும்.

அப்புறம், சேர்க்கிற வரியை எழுத நோட்டுல இடம் இருக்காது. முழுசா மறுபடி எழுதச் சொன்னா பாதிப் பிள்ளைங்க அங்கேயே கை கழுவிருவாங்க. தேதி கிழிக்கிற காலண்டர் தாளைச் சேர்த்து வெச்சிருக்கேன். பின்பக்கம் வெள்ளையா இருக்கும். அதுல எழுதி, எந்த வரிக்குப் பக்கத்துல வரணுமோ அங்க ஓரத்தை மட்டும் பசை தடவி ஒட்டணும். நோட்டு வாலும் இறக்கையுமா தொங்கும். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி "இது என்ன குப்பை"ன்னார். வாசிச்சுப் பாருங்க சார்னு ஆட்டுக் கட்டுரையை நீட்டினேன்.

பீரியட் மணி:

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை? எண்ணும் எழுத்தும் என்கிற அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டம் 2022இல் மூணாவது வரைக்கும்தான் இருந்தது, அடுத்த வருடமே நாலு, அஞ்சுக்கும் வந்துவிட்டது. பயிற்சி நூல் முடிக்க வேண்டும், மதிப்பீடு ஏற்ற வேண்டும். என் வகுப்பில் அரும்பு நிலைப் பிள்ளைகளே, அதாவது எழுதப் படிக்க இன்னும் சரியாக வராத பிள்ளைகளே அதிகம். இரண்டு வரி சேர்ந்தாற்போல எழுத வராத பிள்ளைக்குத் தகவல் கட்டுரை எங்கே, கருத்துரை எங்கே? அப்புறம் ர, ற தெரியாமல், ல, ள, ழ தெரியாமல் அஞ்சாவது முடிக்கிறான். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கரிசல் வாத்தியார்:

நியாயமான கேள்வி. தினமும் இதைச் செய்ய முடியாது, நானும் செய்யறதில்ல. ஒரு பருவத்துக்கு ஒரு கட்டுரை. அது ஒட்டுத்தாளோட பல வாரம் வளரும்.

அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சிருக்கிறது எழுதப் படிக்க வர்றதை வெச்சுத்தானே. ஆடு மேய்க்கிறதுலயும் கிணத்துல நீந்துறதுலயும் அரும்புப் பிள்ளை மலரா இருக்கும். அது சொல்லும், மலர்ப் பிள்ளை எழுதும். எழுதினதை அரும்புப் பிள்ளைக்கே வாசிச்சுக் காட்டணும், அது "நான் அப்படிச் சொல்லல"ன்னு மறுக்கலாம். அந்தச் சண்டை நடக்கும்போது நான் குறுக்கே போறதில்ல. தன் பேச்சு எழுத்தாகி வந்தா, வாசிக்கத் திணறுற பிள்ளைகூட விரல் வெச்சு வாசிக்கப் பார்க்குது. கேள்வி கேக்கிறதுக்கு எழுதவே தெரிய வேண்டாம். என் வகுப்புல நல்ல கேள்வி பாதி அங்கேருந்துதான் வருது.

ர, ற விஷயம்: கண்டுக்காம விடல சார், தள்ளி வைக்கிறேன். விஷயம் நிறைஞ்ச பிறகு எழுத்துப்பிழைக்குன்னு தனியா ஒரு நாள். அன்னைக்கு நோட்டைப் பார்க்கலாம், பேனா எடுக்கலாம். ஆனா பிழை இருக்கிற வரிக்கு நேரா ஓரத்துல ஒரு புள்ளி மட்டும் வைக்கணும், எழுதின பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கணும். முதல் நாளே பிழை பார்த்தீங்கன்னா அடுத்த தடவை பிள்ளை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச சொல்லை மட்டும்தான் எழுதும். "பசு ஒரு வீட்டு விலங்கு" அங்கேருந்துதான் வருது.

துளிர் வாசகி:

நான் ஆசிரியை இல்லை, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் மாலை வகுப்பில் தன்னார்வலராக இருந்தேன். ஒரு சந்தேகம். பேச்சுத் தமிழில் எழுதினால் விடலாமா? "மடி எறங்கிருச்சு" என்று எழுதியதை நான் அப்படியே விட்டேன். ஒரு பிள்ளையின் அப்பா வந்து சத்தம் போட்டார்.

இன்னொன்று. ரான் பெர்கர் என்று அமெரிக்காவில் நெடுங்காலம் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சக மாணவர் சொல்லும் கருத்துக்கு மூன்று நிபந்தனை வைக்கிறார்: அன்பாக இருக்க வேண்டும், குறிப்பாக இருக்க வேண்டும், உதவ வேண்டும். "சூப்பர்" அன்பானதுதான், மற்ற இரண்டிலும் தோற்றுவிடுகிறது. பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

படிக்கக் கொடுக்க, 1987 முதல் வருகிற துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள்.

கரிசல் வாத்தியார்:

முதல் தடவை எப்படி வந்தாலும் விட்டுரலாம். வகுப்புச் சுவர்ல ஒட்டுறதுக்கு முன்னாடி வினைச்சொல்லை மட்டும் எழுத்துத் தமிழுக்கு மாத்தச் சொல்லுவேன். "எறங்கிருச்சு" போய் "இறங்கியது" வரும். சினை, மடி, செவலை, சீம்பால் இதுக்கெல்லாம் வேற சொல் தேடாதீங்க, அப்படியே இருக்கட்டும். அம்மா பேசினதா வர்ற வரியும் அம்மா பேசின மாதிரியே இருக்கலாம்.

நிபந்தனை மூணும் நல்லாத்தான் இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கேள்விதான் சுலபம்னு எனக்குப் படுது.

இதோட ஒண்ணு சேர்த்துக்குவேன். ஒவ்வொரு வரி முடிவுலயும் பென்சில்ல ஓர் எழுத்து. தானே பார்த்ததுன்னா "பா", ஒருத்தர் சொல்லிக் கேட்டதுன்னா "கே", படிச்சதுன்னா "ப". எதுவும் போட முடியலைன்னா அந்த வரி எங்கேருந்து வந்ததுன்னு ஜோடிப் பிள்ளை கேக்கலாம். "பசுவைப் பாதுகாக்க வேண்டும்"ங்கிற வரிக்கு எந்த எழுத்தும் போட முடியாது, தானா உதிர்ந்துரும்.

எங்க பக்கம் மக்காச்சோளம் அதிகம். 2018ல படைப்புழு வந்து காடு காடா அழிச்சுது. ஒரு பையன் அதைப் பத்தி எழுதினான். "புழுவின் தலையில் தலைகீழான ஒய் எழுத்து இருக்கும்"னு ஒரு வரி, பக்கத்துல "கே". வேளாண்மை அலுவலர் அவங்க அப்பாகிட்டச் சொன்னதாம். ஜோடிக்காரி விடல, "நீ பார்த்தியா?"ன்னுட்டா. மறுநாள் தீப்பெட்டிக்குள்ள ஒரு புழுவோட வந்துட்டான். வகுப்பே சுத்தி நின்னு பார்த்தது. ஒய் இருந்துச்சு. வால் பக்கம் சதுரமா நாலு கரும்புள்ளியும் இருந்துச்சு, அதை அவனே கண்டுபிடிச்சுப் புதுசா ஒரு வரி எழுதி "பா" போட்டான். "கே"யை அழிச்சு "பா"வாக்கிறதுல பிள்ளைங்களுக்கு இருக்கிற வெறி இருக்கே, கொஞ்சம் அடக்கித்தான் வைக்கணும். ஒருத்தன் தேன்கூட்டுக்குக் கிளம்பிட்டான்.

மூன்றாம் பிறை:

ஓர் எச்சரிக்கை மட்டும். "அப்பா என்ன வேலை செய்கிறார்" என்று தலைப்புக் கொடுக்காதீர்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கிற கட்டுரை அது. எந்தத் தெரு, என்ன வேலை என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், இடைவேளையில் பட்டப்பெயராகத் திரும்பி வரும். அப்பா இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். "எனக்குச் செய்யத் தெரிந்த ஒன்று" என்று கொடுங்கள், எதைச் சொல்வது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். என் வகுப்பில் பேன் பார்ப்பது, தம்பியைத் தூங்க வைப்பது, ரேஷன் கடை வரிசையில் இடம் பிடிப்பது எல்லாம் வந்தன. ரேஷன் கடைக் கட்டுரையைப் போல் விவரமான ஒன்றை நான் பெரியவர்கள் எழுதிப் படித்ததில்லை. கைரேகை விழாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது வரை இருந்தது.

மலைவாழை:

எல்லோருக்கும் நன்றி. "செய்யத் தெரிந்த ஒன்று" என்றே கொடுக்கிறேன். பா, கே, ப மூன்றையும் சார்ட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். பக்கத்து மளிகைக் கடை அண்ணன் பழைய காலண்டர் இரண்டு கொடுத்திருக்கிறார். வாத்தியார் சார், கடைசியாக ஒன்று: கேள்வி கேட்பதை முதலில் எப்படிப் பழக்கினீர்கள்? என் பிள்ளைகள் "உன் பேர் என்ன" என்பதைத் தாண்ட மாட்டார்கள்.

கரிசல் வாத்தியார்:

முதல்ல நீங்க எழுதுங்க, அவங்க உங்களைக் கேக்கட்டும். நான் சைக்கிள் பஞ்சர் ஒட்டுறதைப் பத்திப் போர்டுல எழுதினேன். வேணும்னே மொட்டையா எழுதணும்: "டியூபை வெளியே எடுத்தேன். ஓட்டையைக் கண்டுபிடித்தேன். ஒட்டினேன்." ஓட்டையை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு ஒருத்தன் கேட்டான். காத்தடிச்சுத் தண்ணியில முக்கினேன், முட்டை முட்டையா வந்துச்சுன்னு அந்த வரிக்குக் கீழேயே எழுதினேன். அவன் கேட்டதாலதான் போர்டுல ஒரு வரி கூடுச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நிறுத்த முடியல. எதுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்க, பசை தடவினதும் ஏன் உடனே ஒட்டல, எவ்வளவு நேரம் காயணும். வாத்தியாரை மடக்குறதுன்னா யாருக்குத்தான் பிடிக்காது.

பதில் தெரியாத கேள்வி வந்தா தெரியலைன்னு போர்டுலயே எழுதிருங்க. சாயந்திரம் சைக்கிள் கடையில கேட்டுட்டு வந்து, மறுநாள் காலையில அந்த வரியைச் சேர்த்து "கே" போடுங்க.